தாகத்துக்குக் குடியுங்கள்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மாரத்தான் 42.195 கி.மீ.; அதற்கு மேல் ஓடினால் அல்ட்ரா மாரத்தான். ரிடையரான பின் அந்தப் பைத்தியம் என்னைப் பிடித்தது. முதல் 50 கி.மீ. ஓட்டத்தில், வெயிலுக்குப் பயந்து ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் வயிறு முட்டக் குடித்தேன். 38-வது கிலோமீட்டரில் குமட்டல், தலைவலி. விரல் வீங்கி மோதிரம் இறுகியது. நீர் போதவில்லை என்று நினைத்து மேலும் குடிக்கப் போனேன். அங்கிருந்த டாக்டர் தடுத்து உட்கார வைத்தார்.

ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போவது ஹைப்போநட்ரீமியா. மிகவும் இறங்கினால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து. நீர் கூடினால் கரைசல் நீர்த்துப்போகும் என்பதைக் கெமிஸ்ட்ரி படித்த நானே மறந்தேன்!

தாகத்துக்குக் குடியுங்கள், பயத்துக்குக் குடிக்காதீர்கள். அன்று பாதியில் நின்றேன். அதனால்தான் மறுவருஷம் முழுதும் ஓட முடிந்தது.