ஊரிலிருந்து வந்த கடிதம்



வழக்கொழிந்த பொருள்களைப் போற்றி மகிழ்வதற்கு இம்மும்பை மாநகரத்தார் யாருக்கும் பின்வாங்கியவர் அல்லர். 1964-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ஆம் நாள் இரவு போரிபந்தரிலிருந்து தாதருக்குக் கடைசி டிராம் ஓடிற்று. 2023 செப்டம்பர் 15-இல் பழைய டீசல் மாடிப் பேருந்து ஓய்வு பெற்றது. அடுத்த மாதமே கறுப்பும் மஞ்சளுமான பிரீமியர் பத்மினி டாக்சியும் விடைபெற்றது. மக்கள் திரண்டு வந்து படம் பிடித்துக் கொண்டார்கள். பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. நல்லதே. ஆனால், எவரும் வழியனுப்பாமல் நம் இல்லங்களை விட்டு அகன்ற பழம்பொருள் ஒன்று உண்டு. ஊரிலிருந்து வந்த கடிதத்தையே குறிப்பிடுகிறோம்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிட்டவர்க்கும், மாதுங்காவில் அறையெடுத்துத் தங்கிக் கோட்டைப் பகுதி அலுவலகங்களில் கணக்கெழுதியவர்க்கும் ஒரே செல்வம் அந்த நீலநிற இன்லண்டுத்தாள்தான். அன்று ‘பம்பாய்-19’ என்றால் மாதுங்கா. 17 என்றால் தாராவி. 71 என்றால் செம்பூர். 1972-இல் ஆறிலக்க எண் வந்த பின்னும், அதன் கடைசியில் அதே இலக்கங்கள் நிற்கின்றன.

அக்கடிதத்தைப் பிரிப்பதே ஒரு கலை. அவசரப்பட்டுக் கிழித்தால் ஓரத்தில் எழுதிய இரண்டு வரி போய்விடும். தலைப்பில் பிள்ளையார் சுழியோ, சிலுவைக் குறியோ, 786 என்னும் எண்ணோ இருக்கும். நான்கு மூலையிலும் மஞ்சள் பூசியிருந்தால் படிப்பதற்கு முன்பே வீடு மலரும். ‘இவ்விடம் அனைவரும் க்ஷேமம், உங்கள் க்ஷேமத்திற்குப் பதில்’ என்ற தொடக்கத்தைக் கண்கள் தாண்டி ஓடும். ‘நிற்க’ என்ற சொல் வந்ததும் மனம் நிற்கும்; செய்தி அதற்குப் பின்னர்தானே வரும்! மழையில்லை, பசு ஈன்றது, தங்கையைப் பெண் பார்த்துச் சென்றார்கள், சீட்டுப் பணத்திற்கு இருபது ரூபாய் குறைகிறது. இடம் போதாமையால் மடிப்பிலும், பசை தடவும் விளிம்பிலும், முகவரிக்கு மேலேயும் எழுத்து ஏறிக்கொண்டே போகும்.

எழுதத் தெரியாத தாய்மார் அண்டைவீட்டுப் பள்ளிச் சிறுவனை அமர்த்தி எழுதுவித்த கடிதங்களின் சுவையோ தனி. சொல் தாயினுடையது, பிழை சிறுவனுடையது. ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்று அவள் மூன்று முறை சொல்லியிருப்பாள்; அவனும் மூன்று முறை எழுதியிருப்பான். இறுதியில், ‘இதை எழுதியவன் வணக்கம்’ என்று தன்னையும் சேர்த்துக்கொள்வான். இத்தகைய கடிதத்தைக் கையிலேந்தும் இன்பத்தை நாம் எந்த அருங்காட்சியகத்திலும் பெற்றதில்லை.

அக்காலமே பொற்காலம் என்று நாம் சொல்லவரவில்லை. ஓரத்தில் கரி தடவிய கடிதம் தந்தையின் மறைவைத் தாங்கி, ஈமக்கடன் முடிந்து நாட்பல சென்றபின் வந்தடைந்த வீடுகள் இங்கு எத்தனை! தந்திச் சேவகர் கதவைத் தட்டினால் அடுப்பங்கரை நடுங்கும். அந்தத் தந்தியும் 2013 ஜூலையில் நின்றது. அதற்காக நாம் கண்ணீர் விடவில்லை. இன்று பாட்டி நாள்தோறும் கைபேசியில் பேரனின் முகத்தைக் காண்கிறாள். இந்த வசதியைக் கொடுத்து அந்தத் தாளை வாங்க எந்தப் பாட்டியும் இசையமாட்டாள்.

ஆயினும், கவலை ஒன்று உண்டு. செம்பூரிலும் மாதுங்காவிலும் பழைய கட்டடங்களை இடித்துப் புதிய மாடங்கள் எழுப்புகிறார்கள். வீடு மாறும்போது பரணில் இருந்த தகரப்பெட்டி கீழே இறங்குகிறது. ‘இதில் என்ன இருக்கிறது?’ என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். விரித்துப் பார்த்தால் அவர்களுக்கு விளங்குவதில்லை. நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவர், படிக்கமாட்டார். படிக்கத் தெரிந்தவரும் ‘லை’, ‘னை’ என்பவற்றிலே யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய கொம்பைக் கண்டு திகைக்கின்றனர். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதற்குப் பின் வந்த புத்தகங்களில் கற்றவர்கள் அல்லவா! முடிவில் பெட்டி ரத்திக்கடைக்குப் போகிறது. கொள்ளுப்பாட்டியின் குரல் கிலோ கணக்கில் விலையாகிறது.

அக்கடிதங்களைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவது நமக்கு உடன்பாடன்று. மாட்டிய கடிதத்தை யாரும் படிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு கடிதம் போதும். தாத்தா உரக்கப் படிக்கட்டும். பேத்தி பக்கத்தில் அமர்ந்து விரலால் வரியைத் தொடரட்டும். ‘சீட்டு என்றால் என்ன?’, ‘அந்த இருபது ரூபாய் அனுப்பினீர்களா?’ என்று அவள் கேட்பாள். விடை சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எழுத்து மங்குவதற்கு முன் நகலெடுத்து வைப்பதும் நன்று.

பெட்டியைத் திறப்பவர்களுக்கு ஒரு சொல்: மடித்த இடத்தில் தாள் இற்றுப்போயிருக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பிரியுங்கள்.