தளபதி அனுப்பிய தபால்

எல்லையில் ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்டால் போதும், அன்று ராத்திரியே தொலைக்காட்சியில் நாலு ஓய்வுபெற்ற படையதிகாரிகள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒருவர் இன்றைக்கே படை நடத்தவேண்டும் என்கிறார், இன்னொருவர் பொறுத்திருக்கவேண்டும் என்கிறார். இவர்களில் யார் பேச்சை எடுத்துக்கொள்வது? கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கேட்டாலும் சென்னையில் படித்தவர்கள் கூடும் இடத்தில் கேட்டாலும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: யார் பெரிய பதவியில் இருந்தாரோ அவர் பேச்சை. கர்னலை விட ஜெனரலுக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்கும் என்பது நம் கணக்கு. அந்தக் கணக்கில் பிசகு இருக்கிறது என்பதுதான் இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட கட்சி. தோளில் எத்தனை நட்சத்திரம் இருந்தது என்பதை வைத்து, அவர் எத்தனை பேருக்கு உத்தரவு போட்டார் என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். அவருடைய ஆய்வை உரசிப் பார்க்க வேறு கல் வேண்டும். தாம் போட்ட கணக்கைப் படிப்படியாக எழுத்தில் வைத்து, துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத நாமும் சரிபார்க்கும்படி விட்டாரா என்று கேட்கவேண்டும். இதற்கு எனக்குக் கிடைக்கும் நல்ல சாட்சி, பதவியின் உச்சிக்கே போன ஒரு தமிழர். பெயர் கிருஷ்ணசாமி சுந்தர்ஜி.

செங்கற்பட்டில் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர், பட்டம் வாங்காமலே பட்டாளத்துக்குப் போனார். 1946-இல் மகார் ரெஜிமென்ட்டில் அதிகாரி. காங்கோவில் ஐ.நா. படை, 1965 போர், 1971 போர், காலாட்படைக்காரராக இருந்தும் டாங்கிகள் நிறைந்த 1-ஆவது கவசப் பிரிவின் தலைமை, 1979-இல் பிறந்த இயந்திரமயக் காலாட்படை ரெஜிமென்ட்டில் பெரும்பங்கு, 1984-இல் மேற்குப் பிராந்தியத் தளபதியாகப் பொற்கோயில் நடவடிக்கை, 1986 பிப்ரவரியில் தரைப்படைத் தலைமைத் தளபதி, 1988-இல் ஓய்வு. மூச்சுவிடாமல் சொல்லிவிட்டேன், மன்னிக்கவேண்டும். ஒவ்வொன்றும் தனி உரைக்குரியது. பொற்கோயில் மிகக் கசப்பான உரைக்குரியது. எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் நான் நின்று பேச ஆசைப்படும் இடம் 1981-ஆம் ஆண்டு.

அந்த ஆண்டு அவர் மத்தியப் பிரதேசத்தின் மாவ் நகரில் போர்க்கல்லூரியின் கமாண்டன்ட். அம்பேத்கர் பிறந்த ஊர் என்றால் உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். 1974-இல் பொக்ரானில் ஓர் அணுச் சோதனை நடத்திவிட்டு இந்தியா வாய்மூடி இருந்த காலம் அது. பாகிஸ்தானும் குண்டு செய்ய முனைந்திருக்கிறது என்று செய்திகள் வந்துகொண்டிருந்தன. அணு ஆயுதம் என்பது அரசியல் தலைமையும் விஞ்ஞானிகளும் பேசும் விஷயம், பட்டாளத்துக்காரர்கள் வாய்திறக்க வேண்டியதில்லை என்பது எழுதாத சட்டம். சுந்தர்ஜி ஒரு கருத்தரங்கம் நடத்தினார், அதையும் தபாலில் நடத்தினார். கேள்விகள் கடிதமாகப் போயின, பதில்கள் கடிதமாக வந்தன. தொகுத்ததை ‘காம்பாட் பேப்பர்’ என்ற வரிசையில் வெளியிட்டார். முதலாவது, ஒரு பக்கம் அணுகுண்டு இருந்து மறுபக்கம் இல்லையென்றால் வழக்கமான படைபலம் என்ன ஆகும் என்பதைப் பற்றியது. இரண்டாவது, மூன்றாம் உலக நாடுகளின் சூழலில் அணு ஆயுதம் பற்றியது. இரண்டும் அதே ஆண்டில் வந்தன. இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். நேயர்களே, பட்டாளத்துக் கூட்டம் எப்படி நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முன்வரிசையில் மூத்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஜெனரல் பேசி முடித்ததும் கடைசி வரிசை மேஜர் எழுந்து “சார், நீங்கள் சொன்னது சரியில்லை” என்று சொல்லிவிட முடியுமா? தபாலில் வரிசை கிடையாது. உறையைப் பிரித்தால் உள்ளே இருப்பது வாதம் மட்டும்தான். யோசித்து, கணக்குப் போட்டு, அடித்து எழுதி அனுப்ப நாளும் இருக்கிறது. படைத்துறையின் ஏணியை ஒரு தபால்தலையால் கொஞ்சநேரம் படுக்கப்போட்டுவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, அந்த முதல் தாளின் கேள்வியை நாமும் போட்டுப் பார்ப்போம். கடினமான கணக்கொன்றும் இல்லை. எதிரியின் அரணை உடைத்துக்கொண்டு உள்ளே போகவேண்டுமானால் டாங்கிகளை ஓர் இடத்தில் குவிக்கவேண்டும். அங்கங்கே பத்துப் பத்தாக நிறுத்தினால் உடைக்க முடியாது. ஆனால் எதிரியிடம் அணுகுண்டு இருந்துவிட்டால், குவித்த இடமே அவனுக்குக் குறியாகிவிடும். குவித்தால் ஒரே அடியில் போகும், பரப்பினால் அடிக்கவே முடியாது. ஆகவே குண்டு இல்லாத படை, எதிரி குண்டைப் போடாமலே பாதி தோற்றுவிடுகிறது. இதே கணக்கை இன்னொரு படி நகர்த்துங்கள். இரண்டு பக்கமும் குண்டு இருந்து, முதலடி வாங்கிய பிறகும் இவனிடம் நாலைந்து குண்டாவது தப்பிப் பிழைக்கும் என்று அவனுக்குத் தெரிந்தால், முதலடி கொடுப்பதில் அவனுக்கு லாபம் இல்லை. அப்படியானால் ஆயிரக்கணக்கில் குண்டு செய்து குவிக்கவேண்டிய அவசியமும் இல்லை. கொஞ்சம் போதும், அந்தக் கொஞ்சம் அழியாமல் இருக்கவேண்டும், உத்தரவு போடுகிறவர் யார் என்பதில் குழப்பம் இருக்கக்கூடாது. அமெரிக்காவும் சோவியத் நாடும் பல்லாயிரம் குண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த காலத்தில், சிறிய கையிருப்பு போதும் என்ற முடிவுக்கு ஒரு படைத்தளபதி வந்து சேர்ந்தார் என்பதைக் கவனியுங்கள். படைத்துறைக்காரர்கள் எப்போதும் ‘இன்னும் வேண்டும்’ என்றுதான் கேட்பார்கள் என்ற எண்ணத்துக்கு இது நேர் எதிர். இதில் ரகசியம் எதுவும் இல்லை பாருங்கள். கணக்கு தப்பென்றால் நீங்களே எந்தப் படியில் தப்பென்று காட்டலாம்.

தலைமைத் தளபதியாக இருந்த காலத்தை ஓடிக் கடக்கிறேன். 1986-இல் அருணாசலத்தின் சும்தோரோங் சூ பள்ளத்தாக்கில் சீனப்படை வந்து முகாம் போட்டபோது, ஹெலிகாப்டர்களில் படையை ஏற்றிப் போய் ஜெமிதாங்கில் இறக்கி, எதிரே இருந்த முகட்டைப் பிடித்தார். ஏன் ஹெலிகாப்டர்? தவாங்குக்கு அப்பால் நம்பிப் போகும்படியான சாலை இல்லை. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலையில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய குடும்பங்கள் அந்த மலையூர்களில் உண்டு. ஜாகிர்தார்களிடமிருந்து 1976-இல் அந்த மலை அரசின் கைக்கு வந்த பிறகும், சாலை போய்ச் சேராத ஊர்களுக்கு அரசு போய்ச் சேரப் பல காலம் ஆயிற்று. வரைபடத்தில் கோடு போட்டிருந்தும் மேலே ஏற வழியில்லை என்பதே அருணாசலத்திலும் சிக்கல். அதே குளிர்காலத்தில் ராஜஸ்தான் பாலைவனத்தில் ‘பிராஸ்டாக்ஸ்’ என்ற மாபெரும் போர்ப்பயிற்சி. இது பயிற்சிதானா, படையெடுப்பா என்று பாகிஸ்தான் திகைத்துத் தன் படையை நகர்த்த, 1987 ஜனவரியில் இரண்டு நாடுகளும் போரின் வாசல்வரை போய்த் திரும்பின. பதற்றம் தணிக்க, பிப்ரவரியில் பாகிஸ்தான் அதிபர் ஜியா உல் ஹக் கிரிக்கெட் பார்க்கிற சாக்கில் ஜெய்ப்பூர் வந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு பத்திரிகைகளில் எழுதினார். 1993-இல் வந்தது ‘பிளைண்ட் மென் ஆஃப் ஹிந்துஸ்தான்’ என்ற ஆங்கிலப் புத்தகம். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் அணு ஆயுதப் போர் மூண்டால் என்று கற்பனையாக எழுதியது. பார்வையற்றவர்கள் யானையைத் தடவிப் பார்த்த கதை தலைப்பிலேயே இருக்கிறது. முடிவெடுக்கும் நாற்காலியில் இருப்பவர்கள் அணு ஆயுதத்தை ஆளுக்கொரு பக்கமாகத் தடவிக்கொண்டிருக்கிறார்கள், முழு யானையை ஒருவரும் பார்க்கவில்லை என்பது அவர் ஆதங்கம். ரகசியம் காக்கும் கடமை உள்ளவர் வெளிப்படையாக எழுத முடியாது, எழுதினால் நாட்டுக்கு ஆபத்து என்று சொல்பவர்களுக்கு இந்தப் புத்தகமே பதில். ஒரு கோப்பையும் வெளியே எடுக்காமல், கற்பனைப் பாத்திரங்களைப் பேசவிட்டு, தம் வாதம் முழுவதையும் மக்கள் முன் வைத்துவிட்டார். 1998 மே மாதம் பொக்ரானில் மறுபடி சோதனை நடந்தபோது அவர் நோயில் விழுந்திருந்தார்; 1999 பிப்ரவரி 8-இல் காலமானார். அதே ஆண்டு ஆகஸ்டில், திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையிலான ஆலோசனைக் குழு அணு ஆயுதக் கொள்கையின் வரைவை வெளியிட்டது. 2003 ஜனவரி 4-இல் அரசு அறிவித்த கொள்கையிலும், நம்பத்தகுந்த குறைந்தபட்சக் கையிருப்பு, முதலில் பயன்படுத்துவதில்லை, உத்தரவு அரசியல் தலைமையின் கையில் என்ற அம்சங்கள் இடம்பெற்றன. இதையெல்லாம் சுந்தர்ஜி ஒருவர் கணக்கில் எழுதிவிட முடியாது. பலர் சேர்ந்து பல ஆண்டு வாதாடியதன் விளைவு. ஆனால் சீருடையில் இருந்தபடியே அந்த வாதத்தைத் தபாலில் போட்டவர்களில் அவர் முந்தியவர்.

இங்கே ஒரு நேயர் குறுக்கிட வேண்டும், குறுக்கிட்டால்தான் நியாயம். “பிராஸ்டாக்ஸில் போரின் வாசல்வரை இழுத்துப்போனவர், இலங்கையில் சறுக்கியவர், அவருடைய ஆய்வை எதற்குக் கேட்கவேண்டும்?” 1987 ஜூலை 29-இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. விடுதலைப் புலிகளோடு மோதல் வந்தால் இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று சுந்தர்ஜி மதிப்பிட்டதாக, அப்போது கொழும்பில் தூதராக இருந்த ஜே.என். தீட்சித் தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இரவில் இறங்கிய சீக்கிய இலகு காலாட்படைக் குழுவில் ஒரே ஒருவர்தான் உயிரோடு மிஞ்சினார். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் திரும்பியபோது இறந்த இந்திய வீரர்கள் ஆயிரத்துக்கு மேல். தமிழர்கள் வாழும் தீவைப் பற்றி ஒரு தமிழ்த் தளபதி போட்ட மதிப்பீடு இப்படிப் போயிற்று. இதை மழுப்ப நான் வரவில்லை. சொல்லப்போனால் என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி வேறில்லை. மாவ் கணக்கு எழுத்தில் இருந்தது, மற்றவர்கள் அடித்துத் திருத்த இடம் இருந்தது. இலங்கைக் கணக்கு மேல்மட்ட அறைக்குள் வாய்வார்த்தையாகப் போடப்பட்டது. மனிதர் ஒருவரேதான், மூளையும் அதேதான். முதலாவது 20 ஆண்டு தாண்டியும் நின்றது, இரண்டாவது இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. வித்தியாசம் எங்கே என்று பார்த்தால், யார் கேள்வி கேட்க முடிந்தது என்பதில்தான் இருக்கிறது. பதவி பெரிதாக ஆக, எதிர்த்துக் கேட்கும் ஆள் குறைகிறார். தொலைக்காட்சியில் பெரிய பதவிக்காரரை நம்பும் பழக்கத்தை நான் சந்தேகிப்பது இதனால்தான்.

இன்னொரு ஆட்சேபமும் பலமானது. இரண்டு பக்கமும் குண்டு இருந்தால் போர் வராது என்றால், 1999 மே மாதம் கார்கில் போர் ஏன் வந்தது? சுந்தர்ஜி கண்மூடி மூன்று மாதம் ஆகியிருந்தது. திருச்சி மேஜர் சரவணன் படாலிக் பனிமலையில் விழுந்தது அந்தப் போரில்தான். மொத்தம் 527 இந்திய வீரர்கள். பெரிய போர் வராது என்ற அளவில் அவர் கணக்கு நின்றது. இந்தியப் படை கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டவில்லை, டாங்கிப் படைகள் மோதவில்லை. பெரிய போர் வராது என்ற அந்தத் தைரியமே சின்னப் போருக்கு இடம் கொடுக்கும் என்பதை அவர் கணக்கு போதுமான அளவு எடைபோடவில்லை என்றுதான் நான் படிக்கிறேன். ஆனால் பாருங்கள், இவ்வளவு துல்லியமாக, எந்தப் படியில் சறுக்கல் என்று விரல்வைத்துச் சொல்ல நமக்கு முடிவது அவர் படிகளை எழுதிவைத்துவிட்டுப் போனதால். ‘பொறுத்திருந்து பாருங்கள்’, ‘தக்க பதிலடி கிடைக்கும்’ என்று பேசிவிட்டுப் போகிறவரிடம் எந்தத் தப்பையும் கண்டுபிடிக்க முடியாது.

சுந்தர்ஜி தம் வாழ்க்கையை 105 பகுதிகளாக எழுதத் திட்டமிட்டு, 33 முடிப்பதற்குள் நோய் முந்திக்கொண்டது. அவ்வளவுதான் புத்தகமாக வந்திருக்கிறது. நேரம் முடிகிறது என்று இங்கே கையைக் காட்டுகிறார்கள், ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். சங்கராபுரம், சின்னசேலம், தியாகதுருகம் பக்கத்து ஊர்களில் அமைதிப்படையிலோ கார்கிலிலோ இருந்துவிட்டு வந்த ஹவில்தார்கள், சுபேதார்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஐயா, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ஊர், என்ன தேதி, என்ன உத்தரவு வந்தது, என்ன நடக்கும் என்று நீங்கள் நினைத்தீர்கள், என்ன நடந்தது. இந்த ஐந்தையும் எழுதி, உங்கள் வீட்டிலோ தெருவிலோ கல்லூரிக்குப் போகும் ஒரு பிள்ளையிடம் கொடுத்து, இதில் எங்கே இடிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.