கையொப்பமும் மானமும்



நம் குலத்து இளைஞர் பலர் மருந்தாளுநராய்த் தேர்ந்து மருந்துக்கடைகளில் ஊழியம் புரிகின்றனர். ஒருவர் விலகிய பின்னும் அவர்தம் பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டி, விற்பனைப் பட்டியில் அவர்போல் கையொப்பமிடும் முதலாளிகளும் உளர். 1948ஆம் ஆண்டு பார்மஸிச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, வைத்தியர் சீட்டுக்குரிய மருந்தைப் பதிவு பெற்றவரே அளித்தல் வேண்டுமென்கிறது. ஆதலின் பிழையான மருந்தால் உயிர்க்குத் தீங்கு நேரின், முதல் வினா சான்றிதழில் பெயருள்ளாரையே சாரும்.

விலகும் நாளிலேயே சான்றிதழைத் திரும்பப் பெறுவோமாக. விலகிய தேதியை முதலாளிக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும் மாநிலப் பார்மஸி கவுன்சிலுக்கும் எழுதி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துவோமாக. பொய்க் கையொப்பம் காணின், காவல் நிலையத்தில் முறையிட அஞ்சற்க. அற்பத் தொகைக்கு நாமே சான்றிதழை இரவல் கொடுத்துவிட்டுப் பின்னர் முறையிட நமக்கு வாயேது? முதலில் அவ்வழக்கத்தை நம்முள்ளே ஒழிப்போமாக.