பாட்டியைத் தூக்கி வரலாமா?



செங்கத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் நம் மருத்துவக் குழு, ஒரு குடிசையில் தனியாக இருக்கும் பாட்டியைப் பார்த்து வருகிறது. பார்வை மங்கிவிட்டது, காலில் ஆறாத புண். "கலெக்டரிடம் சொல்லி அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாமே" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். முதலில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

இங்கிலாந்தில் அதற்கென்றே சட்டம் இருந்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி, மருத்துவ அதிகாரி சான்று தந்து நீதிமன்றம் உத்தரவிட்டால், தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத முதியவரைச் சம்மதமின்றியே அழைத்துப் போகலாம். மூன்று மாதம் வரை வைத்திருக்கலாம், பின்பு நீட்டிக்கவும் செய்யலாம். நல்லெண்ணத்தில் பிறந்த சட்டம்தான். ஆனாலும் 2015-இல் இங்கிலாந்து அதைக் கைவிட்டது.

நம் நாட்டின் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்க வழி செய்கிறது. கைவிட்டவர்களுக்கு மூன்று மாதம் வரை சிறை என்கிறது. வர மாட்டேன் என்பவரைத் தூக்கி வரச் சொல்லவில்லை.

பாட்டியையே கேட்டோம். "என் ஆட்ட யாரு பாத்துக்குவா, நர்சம்மா?" என்றார். சிரித்துவிட்டோம். பிறகு வெட்கமாயிருந்தது, அவரோடு பேச அங்கே வேறு ஜீவன் ஏது?

"புண் முத்திப் போனா?" என்று விடாமல் கேட்டார் நர்ஸ்.

வெகுநேரம் யோசித்தார். "நெனவு தப்பிட்டா தூக்கிட்டுப் போங்க. அதுவரைக்கும் வேணாம்."

அதை அவருடைய சீட்டில் எழுதி வைத்திருக்கிறோம். வாரம் ஒருமுறை கட்டு மாற்றப் போகிறோம். ஆடு குட்டி போட்டிருக்கிறது.