மாதிரியை எந்தத் தெருவில் எடுக்கிறோம்?

(மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெரம்பலூரும் அரியலூரும் அறிவியலுக்குப் புதிய ஊர்கள் அல்ல. சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரத்தை 1940இல் அடையாளம் கண்டவர் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன். அதன் வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். ஒரு காலத்தில் கடலாக இருந்த இந்த மண்ணின் சிப்பிகளைத் தேடி 19ஆம் நூற்றாண்டிலேயே ஆய்வாளர்கள் வந்தார்கள். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத் தேடி அரசு சிமெண்ட் ஆலையும் தனியார் ஆலைகளும் வந்தன. கல்லின் வயதைக் கணக்கிட்டார்கள், தரத்தைக் கணக்கிட்டார்கள். கல் உடைப்பவரின் நுரையீரலைக் கணக்கிட வேண்டிய இடம், பல்கலைக்கழகத்தின் உடல்நல, சுற்றுச்சூழல் ஆய்வகம். அப்படியோர் ஆய்வகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒருவராகப் பேசுகிறேன்.

கருவிக்குச் சாதி தெரியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் கருவிக்குள் போகும் புட்டியை எந்தத் தெருவில் நிரப்பினோம் என்பதில் சாதி இருக்கிறது. குடிநீர் மாதிரி எடுக்கப் போகிறவர் முதலில் ஊராட்சி அலுவலகத்துக்குப் போகிறார். அவருக்குக் காட்டப்படும் குழாய் பெரும்பாலும் ஊர்த்தெருவில் இருக்கும். காலனி குழாய்வரிசையின் கடைசியில் இருக்கும். களப்படிவத்தில் ஆழம், வெப்பநிலை, அமில காரத் தன்மை எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. ஊரா, காலனியா என்பதற்குக் கட்டம் இல்லை. பத்துப் புட்டியில் ஒன்பதை ஊரிலும் ஒன்றைக் காலனியிலும் நிரப்பினால் கிராமத்தின் சராசரி அழகாகவே வரும். 100 மில்லி லிட்டர் குடிநீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. சராசரியை யாரும் குடிப்பதில்லை தோழர்களே, அவரவர் குழாய்த் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

காற்றும் அப்படியே. பிஎம் 10 எனப்படும் நுண்தூசி, 24 மணி நேர சராசரியில் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. மொட்டை மாடியில் வைத்த கருவி ஊரின் காற்றைச் சொல்லும். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு மூட்டை ஏற்றுபவர் ஒரு ஷிப்ட் முழுக்க இழுக்கும் தூசியைச் சொல்லாது. அதை அளக்கச் சட்டையில் மாட்டும் சிறு பம்பு இருக்கிறது. ஆனால் ஆலைக்குள் அதை மாட்ட நிர்வாகம் அனுமதிக்க வேண்டும். 2017இல் பெரம்பலூர்ப் பகுதியில் வயலுக்கு மருந்தடித்தவர்கள் விஷம் ஏறி இறந்தார்கள். அடுத்தவர் நிலத்தில் தெளிப்பானைத் தோளில் சுமப்பவர் யார்? 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 31 பேர் பட்டியல் சாதியினர். இவர்களைத் தனியே பார்க்காத ஆய்வு நடுநிலையான ஆய்வு அல்ல, அரைகுறை ஆய்வு.

‘சாதி அறிவியல் மாறி அல்ல, சமூகவியல் துறைக்குப் போங்கள்’ என்று எங்களிடம் சொல்பவர்கள் உண்டு. சாதியை இரத்தத்தில் தேடச் சொல்லவில்லை ஐயா, தண்ணீர்க் குழாயில் தேடச் சொல்கிறோம். இரத்தத்தில் தேடிய கதையை வேங்கைவயலில் பார்த்தோம். தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பர் 26இல் தெரியவந்தது. டிஎன்ஏ சோதனைக்கு முதலில் அழைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களே. 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகையில் வந்த மூவரும் வேங்கைவயல் தலித்துகளே. யாரைச் சோதிப்பது என்ற முடிவு, சோதனைக்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது.

அந்த முடிவை எடுக்கும் மேசையில் நாம் இருக்க வேண்டும். சுமைதூக்கும் தொழிலாளியின் மகளான குழுமூர் அனிதா 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றும் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய முடியவில்லை. 2017இல் அவரை இழந்தோம். ஆராய்ச்சி மாணவர் ரோகித் வெமுலாவை அதற்கு முந்தைய ஆண்டே இழந்திருந்தோம். நுழைவதும் போராட்டம், உள்ளே நிலைப்பதும் போராட்டம். உள்ளே வந்துவிட்ட நாம் எதைக் கேட்கிறோம்?

மூன்றைக் கேட்போம். களப்படிவத்தில் ஊர், காலனி என்று ஒரு கட்டம். தொழிலாளியின் உடலருகே தூசியை அளக்கும் உரிமை. யாருடைய குழாயில் மாதிரி எடுத்தோமோ அவருக்கே முடிவைத் தமிழில், வீட்டுக்கே கொண்டுபோய்த் தருவது. இதற்குக் கோடி ரூபாய்க் கருவி எதுவும் வேண்டாம்.

1927 மார்ச் 20இல் மகாத் குளத்தில் இறங்கி அண்ணல் அம்பேத்கர் தண்ணீரை அள்ளிக் குடித்தார். தண்ணீர் எல்லோருக்கும் பொது என்பதை அன்றே நிலைநாட்டினார். அந்தத் தண்ணீரைப் பற்றிய அறிவும் பொதுவாக வேண்டும். அடுத்த முறை மாதிரி எடுக்கப் புட்டியோடு கிளம்பும் தோழர், காலனியிலிருந்து தொடங்குங்கள். ஜெய் பீம்.