கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு போர்க்களம்

(திருவருகைக் காலத்தில் வானொலியில் ஒலிபரப்பான அருளுரை)



திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. பரணில் கிடந்த குடில் பெட்டியை இறக்கித் தூசு தட்டுகிறோம். காது உடைந்த கழுதையும் சாயம் போன இடையரும் ஒவ்வொன்றாக வெளியே வருகிறார்கள். அந்தப் பெட்டியோடு இன்னொரு பெட்டியையும் இன்று திறந்து பார்ப்போம். நம் பிள்ளைகளும், சில வீடுகளில் பிள்ளைகளைவிட அதிகமாக அவர்களுடைய அப்பாக்களும், ஆசை ஆசையாய்ச் சேர்த்து வைத்திருக்கும் போர்வீரர் பொம்மைப் பெட்டி அது.

சூலூரில் வாழும் நமக்கு இராணுவம் என்பது தொலைதூரச் செய்தி அல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே இங்கே விமானதளம் இருக்கிறது. தேஜஸ் விமானம் மேலெழும்பும்போது வகுப்பில் ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். விசைத்தறிச் சத்தத்தையும் மீறி அந்த முழக்கம் வீட்டுக்குள் வரும். சின்னப் பையன்கள் தெருவுக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்ப்பார்கள். இப்படி வளரும் பிள்ளை போர்வீரன் பொம்மை கேட்பதில் வியப்பில்லை.

இந்தப் பொம்மைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1964-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ‘ஜி.ஐ. ஜோ’ என்ற வீரனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பொம்மை என்று சொன்னால் ஆண்பிள்ளைகள் வாங்கமாட்டார்கள் என்று ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ எனப் புதுப்பெயர் வைத்தார்கள். பிறகு வியட்நாம் போர் நீண்டது. மகனைப் போருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நாட்டில் போர்ப் பொம்மைக்கு மவுசு குறைந்தது. 1970-இல் அந்த வீரனையே காடு மலை சுற்றும் சாகசக்காரனாக மாற்றிவிட்டார்கள். பின்னாளில் அவன் மீண்டும் துப்பாக்கி எடுத்தான். நம் ஊர்க் கடைகளுக்கு, சென்னையைச் சேர்ந்த ஃபன்ஸ்கூல் நிறுவனத்தின் வழியாக வந்து சேர்ந்தான். இன்று நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கு அவன் பால்ய நண்பன்.

இப்போது பெரியவர்கள் சேர்க்கும் பொம்மைகள் இன்னும் நுணுக்கமானவை. ஓர் அடி உயரம். சட்டைப் பொத்தான், பூட்ஸ் கயிறு, தண்ணீர்க் குடுவை எல்லாம் அசலில் ஆறில் ஒரு பங்கு அளவில் அச்சு அசலாக இருக்கும். துப்பாக்கியிலிருந்து தோட்டாப் பெட்டியைக்கூடக் கழற்றி மாட்டலாம். விலை பல ஆயிரம் ரூபாய்.

இது பாவமா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வோம். கைத்திறனை ரசிப்பதும் வரலாற்றைப் படிப்பதும் நல்லவையே. போர்வீரரையும் ஆண்டவர் வெறுக்கவில்லை. கப்பர்நாகூமில் நூற்றுவர் தலைவர் ஒருவரின் நம்பிக்கையைக் கண்டு அவர் வியந்தார். அந்தப் படைவீரர் தாழ்மையோடு சொன்ன வார்த்தைகளைத் தழுவித்தான் ஒவ்வொரு திருப்பலியிலும் நற்கருணை வாங்குமுன் நாம் மன்றாடுகிறோம்.

ஆனால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். இவ்வளவு நுணுக்கமான பெட்டியில் இல்லாதது எது?

வலி இல்லை. கடிதத்துக்குக் காத்திருக்கும் தாய் இல்லை. இரண்டாம் உலகப் போர் வரிசையில் பிரிட்டிஷ் வீரன் இருப்பான், ஜப்பான் வீரன் இருப்பான், அவரவர் துப்பாக்கியும் இருக்கும். 1942-43 ஆண்டுகளில் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஏறக்குறைய 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழர்கள் எந்தப் பெட்டியிலும் இல்லை. காலராவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் அங்கே மடிந்தார்கள். அவர்கள் கையில் ஆயுதம் இல்லை, மண்வெட்டிதான் இருந்தது. அதனால் அவர்களுக்குப் பொம்மையும் இல்லை. துப்பாக்கியின் எண்ணை மனப்பாடமாகச் சொல்லும் நாம், அந்த மனிதர்களைப் பற்றி ஒரு வார்த்தை அறியாமல் இருந்தால், நம் சேகரிப்பில் பாதிதான் இருக்கிறது.

நாமே கண்ணால் கண்ட ஒன்றையும் நினைத்துப் பார்ப்போம். 2021 டிசம்பர் 8. அன்னை மரியாவின் அமல உற்பவப் பெருவிழா. அன்று நம் சூலூர் தளத்திலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத்தும் அவர் மனைவியும் உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள். உயிர் பிழைத்த குரூப் கேப்டன் வருண் சிங்கும் ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்தார். அந்த மலைக் குடியிருப்பின் எளிய மக்கள் குடத்திலும் வாளியிலும் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். காயப்பட்டவர்களைத் தூக்கிவர வீட்டுப் போர்வைகளைக் கொடுத்தார்கள். சீருடைக்குள் இருப்பது நம்மைப் போன்ற சதையும் இரத்தமும்தான் என்று அன்று நாம் உணர்ந்தோம். உடைந்தால் மாற்றிப் பொருத்த அங்கே கை கால் இல்லை.

லொயோலா இஞ்ஞாசியாரும் இளவயதில் போர்க்கதைகளில் மயங்கிக் கிடந்தவர்தான். 1521-இல் பம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு அவர் காலை நொறுக்கியது. படுக்கையில் அவர் கேட்ட வீரக்கதைகள் கிடைக்கவில்லை. இயேசுவின் வாழ்வும் புனிதர் வரலாறும்தான் கிடைத்தன. அடுத்த ஆண்டு மொன்செராத் மாதா பீடத்தில் தம் வாளைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தார். அவருடைய வீரம் குறையவில்லை. அது வேறு திசையில் திரும்பியது.

வாள்கள் கலப்பைக் கொழுக்களாக மாறும் நாளை எசாயா இறைவாக்கினர் கண்டார். கோவைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நம் வார்ப்படப் பட்டறைகளில் பழைய இரும்பு உலையில் உருகி, வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு செட்டாக வெளியே வருவதைத் தினம் பார்க்கிறோம். இரும்பு மாறுகிறது. மனம் மாறாதா?

அன்பானவர்களே, பொம்மைகளைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. மூன்று சிறு காரியங்களைச் செய்வோம். பிள்ளை துப்பாக்கியின் பெயரைச் சொன்னால், அதைச் சுமந்தவரின் கதையையும் அவனுக்குச் சொல்வோம். அடுத்த பொம்மையை வாங்க வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை, கணவரையோ மகனையோ படையில் இழந்த ஒரு குடும்பத்துக்கு, போய்ப் பார்த்துக் கையில் கொடுப்போம். மூன்றாவதாக, 1223-இல் கிரேச்சியோவில் புனித பிரான்சிஸ் காட்டிய வழியில் நாம் கட்டும் குடிலில், அந்த வீரர்களில் ஒருவனை எடுத்து, அவன் துப்பாக்கியைக் கழற்றி வைத்துவிட்டு, இடையர்களுக்குப் பக்கத்தில் நிறுத்துவோம். கை காலை மடக்கக்கூடிய பொம்மைதானே, முழந்தாளிடவும் அவனால் முடியும்.

துப்பாக்கி எங்கே என்று பிள்ளை கேட்பான். பாலன் முன்னால் அது தேவையில்லை, கண்ணு, என்று சொல்வோம்.

அமைதியின் அரசரே, எல்லையில் காவல் நிற்கும் எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும். அவர்களுக்காகக் காத்திருக்கும் தாய்மாருக்கு ஆறுதல் தாரும். போரை விளையாட்டாக மட்டும் அறிந்த எங்கள் குழந்தைகள் அதை வேறு விதமாக அறிய நேராதிருக்கச் செய்தருளும். ஆமென்.