சீனி கேட்கும் விலை

(நெடுங்காட்டில் நடந்த நன்கொடையாளர் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



போதகர் பல்லைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று நினைக்கவேண்டாம். வியாதிப் படுக்கைகளைச் சுற்றி வருகிறவன் கண்ணில் படுவதைத்தான் சொல்லுகிறேன். பால்பல் கறுத்து, ஈறு வீங்கி, இரவெல்லாம் அழுத பிள்ளையைத் தாய் தோளில் போட்டுக்கொண்டு வருகிறாள். வலியில் சோறு இறங்காது. சோறு இறங்காத பிள்ளைக்கு, பாவம், அவள் வாங்கிக் கொடுப்பது கிரீம் பிஸ்கட்.

சொத்தைப் பல்லைப் பூச்சிப்பல் என்கிறோம். பூச்சி ஒன்றும் இல்லை. பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிகள் சீனியைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அது எனாமலைக் கரைக்கிறது. உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். அதற்குள் அடுத்த மிட்டாய் வந்துவிட்டால்? எவ்வளவு தின்றோம் என்பது மட்டுமல்ல, எத்தனை தடவை தின்றோம் என்பதும் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்ன அளவுப்படி, பெரியவர்களே நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள், நிறுத்திக்கொள்வது நல்லது. 300 மில்லி கோலா பாட்டில் ஒன்றே அதைத் தாண்டிவிடும். வெல்லம், நாட்டுச்சர்க்கரை என்றால் பரவாயில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கிருமிக்கு அந்த வேற்றுமை தெரியாது.

இந்தச் சீனி வாய்க்கு வருமுன்னே வயலில் ஒரு விலை வாங்கிவிடுகிறது. கரும்பு பத்துப் பன்னிரண்டு மாதம் நிலத்தில் நிற்கும் பயிர். ஒரு கிலோ சீனிக்கு உலகச் சராசரியாக, மழைநீரும் சேர்த்து, ஏறத்தாழ 1,800 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. நாமோ காவேரியின் கடைமடைக்காரர்கள். 2018ல் உச்சநீதிமன்றம் நமக்கு உறுதிசெய்த பங்கு 7 டி.எம்.சி. அது வந்து சேருமா என்று நாற்றங்காலில் நின்று கவலைப்பட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். கரும்பு போடும் விவசாயியை நான் குறைசொல்ல மாட்டேன். ஆலை வாங்குகிறது, அவர் போடுகிறார். ஆலையை ஓட்டுவது நம் நாக்கு.

காரைக்காலுக்குச் சீனியோடு இன்னொரு பழைய கணக்கும் உண்டு. நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இதை யாரும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. 1848ல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமைத்தனம் ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். பாண்டிச்சேரியிலும் நமது காரைக்கால் துறைமுகத்திலும் தமிழரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றினார்கள். ரெயூனியனுக்குப் போனார்கள், 1853ல் மர்தினீக்குக்கும் 1854ல் குவாதலூப்புக்கும் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. குவாதலூப்புக்கு மட்டும் 40,000 பேருக்கு மேல் போனதாகக் கணக்கு. ஒப்பந்தம் ஐந்து வருஷம். பெரும்பாலோர் திரும்பி வரவேயில்லை. அங்கே இன்றைக்கும் மாரியம்மன் கோவில்கள் இருக்கின்றன.

ஒரு பண்டத்தை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சொன்னவர்கள் உண்டு. 1791ல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் அடிமை வணிகத்தை நிறுத்த மறுத்தபோது, ஏராளமான குடும்பங்கள் மேற்கிந்தியத் தீவுச் சீனியை வாங்குவதில்லை என்று தீர்மானித்தன. நாமோ லெந்து நாட்களில் கறியை விட்டுவிட்டு, காப்பிக்கு நாலாவது கரண்டி போடுகிறோம்! ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்த பிள்ளைக்கும் மிட்டாய்தான் பரிசு.

இப்போது என் வேண்டுகோள். உங்களில் பலர் கிறிஸ்துமஸுக்கும் பிறந்தநாளுக்கும் குழந்தைகள் வார்டுக்குப் பெட்டி பெட்டியாக சாக்லேட்டும் பிஸ்கட்டும் அனுப்புகிறீர்கள். அன்போடு செய்கிறீர்கள் என்று அறிவேன். இனி அவற்றை அனுப்பவேண்டாம். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, முட்டை, கொய்யா, வாழைப்பழம், எது உங்கள் ஊரில் விளைகிறதோ அதைக் கொடுங்கள். சுண்டல் செய்து தரச் சமையல்கட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். பல் துலக்கும் சிறு பிரஷ்களும் ஃபுளோரைடு பேஸ்டும் தருகிறவர்கள் வார்டு சிஸ்டரிடம் கொடுக்கலாம். வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் அவர் ஒன்று கொடுத்து அனுப்புவார்.